வெர்ன் டாலிவர் கை மாற்றிய கதை

காது ஒரே காதுதான், அதில் சந்தேகம் இல்லை. மேலே அகன்று, நடுவில் வெளிப்பக்கமாக மடங்கி, தொப்பிக்குள் அடங்காமல் நிற்கிற காது. இரண்டு பேஸ்பால் அட்டைகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினால் யாருக்கும் தெரியும், பழுப்பு அட்டையில் இருக்கிற அதே காதுதான் வண்ண அட்டையிலும் இருக்கிறது, அதை வைத்துத்தான் நான் இரண்டு பேரையும் ஒருவர் என்று முடிவு செய்தேன், இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, இரண்டு பேர் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இரண்டு அட்டை, ஒரு ஆள், வெர்ன் டாலிவர், பேரும் ஒன்று காதும் ஒன்று, இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது. இப்போது பக்கத்து சீட்டு சகாயமேரி எட்டிப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு அது ஒன்றுமில்லை. "அப்பனும் மவனுமா இருக்கும்ட்டி" என்றாள். அப்பாவும் மகனும், ஒரே பேரில். நான் சிரித்தேன். சிரித்தபிறகு சிரிப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு இந்த ஏலப் பட்டியல் பூட்டப்படும், பூட்டியபிறகு யாரும் கைவைக்க முடியாது, பட்டியலின் முதல் பக்கத்தில் டாலிவர் இருக்கிறார், டாலிவரைப் பற்றி நான் எழுதிய குறிப்பு இருக்கிறது, அமெரிக்காவில் அதைப் படித்தவர்கள் மிகவும் பிடித்துப்போய் முதல் பக்கத்தில் போடச் சொன்னார்கள் என்று டீம் லீடர் ஹேம்நாத் நேற்றே வந்து சொல்லி, இது இப்படியே போனால் உன் வேலை நிரந்தரமாகிற கன்ஃபர்மேஷன் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இது இப்படியே போனால். அந்த வார்த்தையைத்தான் இரவெல்லாம் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அதே வார்த்தை வேறு மாதிரி கேட்கிறது.

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. அதை நான் மறைத்ததில்லை, இன்டர்வியூவிலேயே சொன்னேன், பேஸ்பால் பார்த்ததில்லை சார், கிரிக்கெட்டும் அவ்வளவாகத் தெரியாது. ஹேம்நாத் சிரித்து, சார் வேண்டாம், இங்கே எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், ஆட்டம் தெரியவேண்டியதில்லை, அட்டை தெரிந்தால் போதும் என்றார். அட்டை தெரிந்துகொண்டேன். எப்போதோ அங்கே மிட்டாயோடும் சூயிங்கத்தோடும் பையன்களுக்கு இலவசமாகக் கொடுத்த அட்டைகள், முன்பக்கம் ஆட்டக்காரன் படம், பின்பக்கம் அவன் எந்த வருஷம் எத்தனை ஆட்டம் ஆடினான், எத்தனை ஜெயித்தான் என்கிற கணக்கு, அந்தப் பையன்கள் கிழவர்களாகிச் செத்துப்போனபிறகு பரணிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் ஏலத்துக்கு அனுப்புகிறார்கள், அதை அங்கேயே ஸ்கேன் செய்து இங்கே அம்பத்தூருக்கு அனுப்புகிறார்கள், நாங்கள் மூலை தேய்ந்திருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா, படம் சட்டத்துக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, யார், எந்த வருஷம், எந்த அணி என்று ஏற்றி, ஆட்டக்காரனின் வாழ்க்கையை நாலு வரியில் எழுத வேண்டும். அப்பாவுக்கு இதைப் புரியவைக்க முயன்றேன். அப்பா எங்கள் ஊர் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், விடிவதற்குள் போய் வால்வைத் திறப்பார், தண்ணீர் வரும், வால்வை மூடுவார், நின்றுவிடும், அவர் வேலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிட்டாய் அட்டையா, என்றார். ஆமாம்ப்பா. அதை யார் வாங்குவாங்க. பெரிய பெரிய ஆளுங்க வாங்குவாங்கப்பா. யார் கேட்டாலும் அமெரிக்கா கம்பெனின்னு சொல்லிக்கிறேன், மிட்டாயெல்லாம் சொல்ல வேணாம் என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறார். செய்யாறு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம், அம்மா சொன்னாள். கன்ஃபர்மேஷன் ஆகவில்லையென்றால் அந்த பஸ்ஸில் அவர் எப்படி ஏறுவார் என்று நினைக்கிறேன், உடனே அது மிகையான நினைப்பு என்றும் நினைக்கிறேன், பஸ்ஸில் ஏறத்தான் செய்வார், வேறு எப்படிப் போவார்.

கை. காது இல்லை, கையைப் பார்க்க வேண்டும். பழுப்பு அட்டையின் டாலிவருக்குக் கையுறை வலது கையில், பந்து இடது கையில். வண்ண அட்டையின் டாலிவருக்குக் கையுறை இடது கையில், பந்து வலது கையில். இதுவே எனக்கு உடனே தெரிந்துவிடாது, எதிரே நிற்கிறவனின் இடது பக்கம் எனக்கு வலது பக்கம், நான் முதலில் நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் நிற்கிற மாதிரியே கையைத் தூக்கிப் பார்த்தால்தான் எந்தக் கை என்று தெரியும், அதைப் பார்த்துத்தான் சகாயமேரி முதல் வாரத்திலேயே, என்னளா யாருக்கு டாட்டா காட்டுத என்று கேட்டாள், இந்த வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். யாராவது இடதுபக்கம் திரும்பு என்றால் எனக்கு ஒரு கணம் எல்லாம் நின்றுவிடும். நான் பிறந்தது நொட்டாங்கைக்காரியாக. எதை எடுத்தாலும் அந்தக் கைதான் முதலில் போகுமாம். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகிறவள், நொட்டாங்கையால் சாப்பிட்டால், நொட்டாங்கையால் பரிமாறினால் யார் சாப்பிடுவார்கள் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அடிக்கவில்லை, அப்பா அடிக்கவே இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் அப்பா எனக்கு எதிரில் உட்கார்ந்து என் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை விடமாட்டார். இறுக்கவும் மாட்டார். அவர் கை எப்போதும் ஈரமாக, இரும்பு வாசனையோடு இருக்கும், வால்வு வாசனை, அந்தச் சூட்டுக்குள் என் கை படுத்திருக்கும், மற்ற கை சோற்றைக் கொட்டிக்கொட்டிச் சாப்பிடும். எத்தனை நாள் என்று தெரியாது, பிறகு ஒருநாள் அவர் வந்து உட்காரவில்லை, நான் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான், அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது, ஒரு ஆள் முதலில் இடது கையால் வீசினான், பிறகு வலது கையால் வீசினான் என்பதில் எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்த அட்டைகள் உண்டு, அவற்றுக்குத் தனி மவுசு என்று ட்ரெய்னிங்கில் சொல்லியிருந்தார்கள், முதலில் அதைத்தான் பார்த்தேன், ஆனால் சட்டையிலிருந்த எழுத்துக்கள் நேராக இருந்தன, பழுப்பு அட்டையின் பின்பக்கம் இடது கையால் வீசுகிறவர் என்றே அச்சடித்திருந்தது, வண்ண அட்டையின் பின்பக்கம் வலது கை என்று. அப்படியானால் கையை மாற்றியிருக்கிறார். யாரோ மாற்றியிருக்கிறார்கள். மனிதர்களுக்குக் கை மாறும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். வேறு எவளாவது, வேறு எவனாவது, இந்த அட்டைகளைப் பார்த்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார்கள். இது வேறு ஆளோ என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

வருஷம் இடித்தது, அதையும் பார்த்தேன், பார்க்காமல் எழுதவில்லை. பழுப்பு அட்டை இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் வந்தது. வண்ண அட்டை போர் முடிந்து பல வருஷம் கழித்து. நடுவில் ஒன்றுமில்லை, அட்டையில்லை, கணக்கில்லை, எங்கள் கணினியிலிருந்த ஆட்டக்காரர் தகவலில் பிந்தைய டாலிவர் மட்டும்தான் இருந்தார், அதுவும் வெறும் பேரும் அணியுமாக, முந்தையவர் சின்ன ஊர் அணியில் இரண்டே வருஷம் ஆடி, ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்றவர், அவரை யாரும் ஏற்றி வைத்திருக்கவில்லை. நான்தான் இருவரையும், ஒருவரையும், ஒன்றாகக் கட்டினேன். இருபத்தைந்து வயதில் ஆடியவர் நாற்பத்தைந்து தாண்டி ஆட முடியுமா என்றால் அப்படியும் சிலர் ஆடியிருக்கிறார்கள் என்று ட்ரெய்னிங்கில் கேட்டிருக்கிறேன். வண்ண அட்டையின் முகம் இளமையாக இருக்கிறதே என்றால் அந்தக் காலத்து வண்ண அட்டைகளெல்லாம் புகைப்படத்துக்கு மேல் சாயம் பூசியவை, எல்லோருக்கும் கன்னம் சிவப்பு, எல்லோருக்கும் உதடு மினுமினுப்பு, என் அப்பாவுக்குப் பூசினாலும் இருபத்தைந்து வயதாகிவிடும். அப்புறம் அந்த இடைவெளி என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே என்ன நடந்திருக்கும். போருக்குப் போயிருக்கலாம். தொழிற்சாலையில் இடது கை மாட்டியிருக்கலாம். ஏதோ ஒரு சுவரில் தினமும் வலது கையால் பந்தை எறிந்து எறிந்து, முதலில் எங்கெங்கோ போய், பிறகு குறிக்குப் போய். நான் எழுதும்போது 'இருக்கலாம்' என்றுதான் எழுதினேன், சத்தியமாக, இடது கையைக் காயப்படுத்திக்கொண்டிருக்கலாம், வலது கையால் வீசக் கற்றுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். குறிப்புகளில் 'இருக்கலாம்' வரக்கூடாது என்பது இங்கே விதி, வாங்குகிறவன் இருக்கலாமுக்காகக் கையைத் தூக்கமாட்டான் என்பார் ஹேம்நாத், சரிபார்க்கிற இடத்தில் அதை எடுத்துவிட்டார்கள், எடுத்தபிறகு எனக்குத் திரும்பி வந்தது, நான் படித்தேன், 'இடது கை போனபின் வலது கையால் வீசக் கற்றுக்கொண்டு, ஒரு தலைமுறை கழித்து மைதானத்துக்குத் திரும்பினார்' என்று உறுதியாக, அழகாக இருந்தது. யாரோ பெரியவர்கள் எழுதியது போலிருந்தது. சரி என்று அழுத்தினேன். அழுத்தும்போது எனக்குத் தெரியுமா, தெரியாதா. தெரிந்தே செய்தேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் இல்லை என்று சொல்கிற வேகத்தில் எனக்கே ஏதோ உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். வழக்கமாக அவர் சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அன்றைக்கு நான் விடாமல், இந்த மாதிரி ஒரு ஆள்ப்பா, நொட்டாங்கைக்காரன், கை போய்விட்டது, சோத்தாங்கையில் கற்றுக்கொண்டு திரும்ப வந்து ஜெயித்தான் என்று சொன்னேன். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, தொட்டி ரூம் எங்கள் வீட்டுக்கு அடுத்துத்தான். லைன் போய்விட்டதோ என்று அப்பா, அப்பா என்றேன். "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும் பாப்பா" என்றார். "பழகின கைய விட்டுட்டு இன்னொரு கைக்குப் போறதுன்னா. அப்ப அது யாருக்கும் தெரியறதில்ல." எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. ஆமாம்ப்பா என்றேன், அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணிகளுக்கு நடுவில் நின்று அதை நினைத்து நினைத்து அழுதேன், துக்கமாகவும் இல்லை. டாலிவர் இல்லாவிட்டால் அப்பா அதைச் சொல்லியிருக்கமாட்டார். டாலிவர் கையை மாற்றவில்லையென்றால் அப்பா சொன்னது என்ன ஆகும், அது எங்கே போய் நிற்கும். சொன்னது சொன்னதுதானே. அல்லது அவர் டாலிவரைப் பற்றி மட்டும்தான் சொன்னாரா, நான்தான் அதையும் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேனா, இரண்டு அட்டையைக் கட்டின மாதிரி.

அப்பாவும் மகனும் ஒரே பேரில். அது எப்படி முடியும் என்று சகாயமேரியைக் கேட்டேன். எங்கள் வீட்டில் அம்மா தன் வாயால் அப்பா பேரைச் சொல்லமாட்டாள், ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். அண்ணனுக்கு அப்பாவின் அப்பா பேர், மாமனார் பேர் என்பதால் அதையும் சொல்லமாட்டாள், பெற்ற பிள்ளையை இன்றுவரை பெரியவனே என்றுதான் கூப்பிடுகிறாள். செத்துப்போனவர் பேரைத்தான் வைப்பார்கள், உயிரோடு வீட்டுக்குள் நடமாடுகிறவர் பேரை எடுத்து அவர் பிள்ளைக்கே வைத்தால் அந்தப் பிள்ளையைத் திட்டும்போது என்ன ஆகும். சகாயமேரி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, அங்க அப்பிடித்தாம்ட்டி வைப்பாவ, நான் இதுவரைக்கும் எத்தன ஜோடி ஏத்திருக்கேன், என்றாள். அப்படியென்றால் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டால், என்றேன். "ரெண்டு பேரும் திரும்புவானுவோ. யாருக்கு அடின்னு அப்பறம் பாத்துக்கிடலாம்." அவளுக்கு எல்லாமே சுலபம். அவள் வந்து மூன்று வருஷம் ஆகிறது, அவளுக்குக் கன்ஃபர்மேஷன் எப்போதோ ஆகிவிட்டது. நான் சொல்லவா, யாரிடமும் சொல்லாமல் விடவா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, கேட்டால் அவளுக்கும் தெரிந்ததாகிவிடும், பிறகு அவளும் மாட்டிக்கொள்வாள். போன் வாசல் லாக்கரில் இருக்கிறது. இந்தக் கணினியில் வெளியே எதையும் தேட முடியாது. சாப்பாட்டுக்கு வெளியே போய்த் தேடலாம், அதற்குள் பூட்டிவிடும். வண்ண அட்டையின் பின்பக்கத்தை மறுபடி திறந்தேன். எப்போதோ ஒரு பையன் அதைக் கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறான், பிய்த்து எடுத்தபோது பாதிக் கறுப்புத் தாள் அட்டையோடேயே வந்துவிட்டது, பிறந்த தேதி, ஊர் எல்லாம் அந்தக் கறுப்புக்கு அடியில். மீந்திருப்பது வருஷக் கணக்கும், எந்தக் கை என்பதும், ஓரத்தில் ஒரு சின்னக் கேலிச்சித்திரமும். தொப்பி போட்ட பெரிய ஆள் ஒருவன் தோளில், அதே மாதிரி தொப்பி போட்ட பொடியன் ஒருவன். படத்துக்குக் கீழேயிருந்த வாசகம் கறுப்புக்குள் போய்விட்டது. முதல்முறை பார்த்தபோது, குழந்தைகள் இவரை விரும்பினார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதையும் குறிப்பில் சேர்க்கப் பார்த்தேன், இடமில்லை. இப்போது பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், பெரிதாக்கினால் புள்ளிகளாகிவிடுகிறது, சின்னதாக்கினால் பெரிய ஆள், பொடியன். பெரிய ஆள் பொடியனின் காலை எந்தக் கையால் பிடித்திருக்கிறான் என்று பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான்.

இரண்டு பேர் என்றால் முந்தையவர் காமன் ஆகிவிடுவார். பேர்பெறாத ஆட்டக்காரர்களின் அட்டைகளை இங்கே அப்படித்தான் சொல்வது, காமன், பொது. அவற்றைப் பெட்டியோடு மொத்தமாக விற்பார்கள், அவற்றுக்குக் குறிப்பு கிடையாது, எழுதலாம் என்றாலும் எழுதுகிற கட்டம் திறக்காது. இரண்டு வருஷம் இடது கையால் வீசி அதிகமாகத் தோற்ற மனிதர், மகனோடு சேர்ந்திருக்கிற வரைக்கும் முதல் பக்கத்தில் இருக்கிறார், பிரித்தால் பெட்டிக்குப் போகிறார். நான் பிரித்தால் போகிறார். அது ஒரு காரணமாகுமா. ஆகாது. ஆனால் அது காரணம் மாதிரி வந்து நிற்கிறது, கருணை மாதிரி, அதை நம்பிவிடலாம் போலவும் இருக்கிறது, நம்பினால் என் வேலையும் இருக்கும், அப்பா சொன்னதும் இருக்கும், முந்தைய டாலிவரும் முதல் பக்கத்தில் இருப்பார், எல்லோருக்கும் நல்லது, ஒருவருக்கும் கெட்டதில்லை, வாங்குகிறவரைத் தவிர. வாங்குகிறவர் யார். எங்கோ ஒரு கிழவர். ஒருவேளை அவர் டாலிவரின் ஊர்க்காரராக இருக்கலாம். ஒருவேளை டாலிவரின் மகளாக, பேத்தியாக இருக்கலாம், பட்டியலைத் திறந்து, இது யார், எங்கள் தாத்தாவுக்குக் கை போகவே இல்லையே என்று. வினோதினி நினைவுக்கு வருகிறாள். என்னோடு சேர்ந்தவள், வாணியம்பாடிக்காரி, இரண்டு தவறு செய்தாள், மூன்றாவதுக்கு அடையாள அட்டையை வாசலில் வாங்கிக்கொண்டார்கள், ஹாஸ்டலில் அவள் பெட்டி கட்டும்போது நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு இதுவரை ஒரு தவறும் இல்லை. சொன்னால் தவறு. சொல்லாவிட்டால் தவறில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. அதுதான் விஷயம், எனக்கே தெரியாது. இரண்டு பேர் என்று எனக்கு எப்படித் தெரியும். பேர் ஒன்று, காது ஒன்று. கை மாறும், நான் பார்த்திருக்கிறேன், என் கை மாறியிருக்கிறது. தெரியாத ஒன்றை எப்படிப் போய்ச் சொல்வது, என்னவென்று சொல்வது, தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகப்படுகிறேன் என்றால் சந்தேகத்துக்கு ஒருவர் வேலையை விடுவாரா. அப்படியானால் சந்தேகத்தை வைத்து முதலில் எழுதினது மட்டும் எப்படி.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. ஹேம்நாத்தின் மேசைக்கு முன்னால் நிற்கிறேன், அவர் காதில் ஹெட்செட், திரையில் பட்டியலின் முதல் பக்கம், பெரிய எழுத்தில் வெர்ன் டாலிவர், இரண்டு படமும் மேலும் கீழுமாக. அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் போகவில்லை. ஹெட்செட்டைக் கழற்றினார், என்ன சுகந்தி, ட்ரீட்டா என்றார். நான் அட்டையைக் காட்டினேன், கையைச் சொன்னேன், காதைச் சொன்னேன், சொல்வது எதுவும் நான் நினைத்த வரிசையில் வரவில்லை, முதலில் கேலிச்சித்திரத்தில் ஆரம்பித்துவிட்டேன், அவர் முகம் ஒன்றும் புரியாமல் இருந்தது, பிறகு புரிந்தது, புரிந்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் கடிகாரத்துக்குப் போனது. கிளையன்ட்டிடம் காலையில்கூடப் பேசினாராம். அவர்களே இதைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்களாம், அவர்களுக்குத் தெரியாதா. பிறகு குரலைத் தாழ்த்தினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு பேருன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் என்ன? தெரியாத விஷயத்துக்கு எதுக்கு வந்து நிக்கிற? போய் உக்காரு. மதியத்துக்கு மேல உன் கன்ஃபர்மேஷன் லெட்டர நானே எடுத்துட்டு வரேன்."

போய் உட்கார்ந்திருக்கலாம். அவர் கதவைத் திறந்துதான் வைத்தார். கால் திரும்பக்கூடத் திரும்பியது. எதிர்ச் சுவரில் ஏதோ ஒரு பயிற்சியின் சுவரொட்டி, நின்று கைகட்டிச் சிரிக்கிற ஆட்கள், அதில் யார் எந்தக் கையை மேலே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரே ஆளுன்னும் எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "தெரியாமத்தான் எழுதினேன். கை போச்சுன்னு எந்த அட்டையிலயும் இல்ல. நான் போட்டது அது."

அவர் திரைக்குத் திரும்பினார். பிறகு மேலே யாரையும் கேட்காமல், சுட்டியை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து டாலிவரை எடுத்தார். அடுத்து இருந்த யாரோ, கையில் மட்டையோடு, ஏறி முதல் பக்கத்துக்கு வந்தான். குறிப்பை நீயே போய் அழித்துவிடு, பிரித்து ஏற்று என்றார். நான் லெட்டரைப் பற்றிக் கேட்கவில்லை, அவராகவே, ப்ரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டத்தான் கேட்க முடியும், அதுவும் கொடுப்பார்களா பார்க்கலாம் என்றார். சரிங்க என்றேன். நன்றி என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை. திரும்பி வருகிறபோது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டு, எழுதுவது நன்றாகத்தான் இருந்தது சுகந்தி என்றார், இருந்தது என்று. சகாயமேரி தன் பாட்டிலை நகர்த்தி என் பக்கம் வைத்தாள், குடித்தேன்.

குறிப்பை அழித்தேன். ஒரே அழுத்தலில் போய்விட்டது, உறுதிதானா என்றுகூடக் கேட்கவில்லை. பிரித்து ஏற்றினேன். மகன் டாலிவர், வலது கை, நாலு வருஷம், சுமாரான ஆட்டம். அவருக்குக் கட்டம் திறந்தது, அட்டையில் இருப்பதை மட்டும் எழுதினேன், எழுதியபிறகு படித்தால் யாரும் கையைத் தூக்கமாட்டார்கள் போலத்தான் இருந்தது. அப்பா டாலிவருக்குக் கட்டம் சாம்பல் நிறத்தில் மூடியே இருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்தினேன். அப்பா என்று நான் சொல்கிறேன், அதுவும் தெரியாது, சித்தப்பாவாக இருக்கலாம், யாரோவாக இருக்கலாம், இருக்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்பார். வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று அம்மா கேட்பாள், இல்லை, இன்னும் மூன்று மாதம், அதுவும் நிச்சயமில்லை என்பேன், அவள் அழுவாள், பிறகு போன் கை மாறும், மோட்டார் சத்தம் கேட்கும், அந்த ஆள் என்ன ஆனான் பாப்பா என்பார். அவரிடம் என்ன சொல்வேன். அது ஒரு ஆள் இல்லைப்பா, நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த நொட்டாங்கைக்காரன் ஜெயிக்கவில்லை, இரண்டு வருஷம் ஆடித் தோற்றுப்போய் வீட்டுக்குப் போய்விட்டான், அட்டையில் அவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போது நான் போனை வைத்துவிடாமல், அம்மாவிடம் கொடுத்துவிடவும் விடாமல், இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அட்டையிலேயே அச்சடித்திருப்பது, நான் போட்டது இல்லை. தோற்ற வருஷத்திலும் அவன் அந்தக் கையால்தான் வீசினான், அப்பா. கையை மாற்றவில்லை.